போனில் நான் பார்த்த பிரசவம்

1

சென்ற வாரம் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. மாத்தளைப் பக்கத்து இரத்தோட்டையில் என் தங்கை ரேணுகாவின் மகளுக்கு ஒரு வயது நிறைந்துவிட்டது என்பது ஒன்று. ‘பிரசவத் துணை’ என்று நான் வாங்கி வைத்திருக்கும் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது, இந்த மாதமே புதுப்பித்தால் சலுகை உண்டு என்ற மின்னஞ்சல் மற்றது. மின்னஞ்சலின் அடியில் ஒரு தாமரைப்பூ படம் போட்டிருந்தார்கள்.

இந்த இரண்டு செய்திகளுக்கும் என்ன தொடர்பு என்று, தங்கை வீட்டாரைத் தவிர, மாத்தளையில் யாருக்கும் தெரியாது. எங்கள் அம்மாவுக்கே தெரியாது. ஒரு வருடமாக நான் மறைத்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் நீங்கள் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பதால் இதை எழுதிவிடுகிறேன். அந்த நம்பிக்கையில் நானும் குளிர்காய்ந்தவள்தான்.

மெல்பேர்னுக்கு வந்து பதின்மூன்று வருடங்கள் ஆகின்றன. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஊரில் கேட்பவர்களிடம் அம்மா, “மூத்தவ அங்க ஆஸ்பத்திரி மாதிரி எடத்துல இருக்கா” என்பார். நான் திருத்தியதில்லை. உண்மையில் அங்கே நான் வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறேன், உடுப்பு மாற்றுகிறேன், சோறூட்டுகிறேன். நல்ல வேலைதான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தக் கட்டிடத்துக்குள் தலைவலிக்கிறது என்று ஒரு கிழவி அழுதால் ஒரு பனடோல் மாத்திரை எடுத்துக்கொடுக்க எனக்கு அனுமதி கிடையாது. தாதி வரவேண்டும், படிவம் நிரப்பவேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். சர்க்கரை வியாதிக்காரரின் கால் நகத்தை வெட்டக்கூட எனக்குத் தடை.

கால் நகம் வெட்டத் தடை செய்யப்பட்ட இந்தக் கையை வைத்துக்கொண்டுதான், கடலுக்கு அப்பால் வலியில் கிடந்த தங்கைக்கு நான் பிரசவம் பார்த்தேன்.

2

அந்தச் சான்றிதழைத் தந்த படிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறு வார இறுதிகள், எல்லாம் கணினித் திரையில். படிப்பித்த பெண் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துக்கொண்டு பேசுவாள். குரலை உயர்த்தவே மாட்டாள். ‘உன் உடம்புக்குத் தெரியும்’ என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் பத்துத் தடவையாவது சொல்வாள். உடம்புக்கே எல்லாம் தெரியும் என்றால் எங்களிடம் எதற்குக் கட்டணம் வாங்குகிறாள் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது ஐந்தாவது வாரப் பாடம். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு பழத்தின் படம் காட்டினாள். பாதிப் பழங்களை நான் கடையில்தான் பார்த்திருக்கிறேன், வாங்கியதில்லை. ஆறு சென்டிமீட்டர் வரும்வரை வீட்டிலேயே இருப்பவள் தைரியசாலி, அதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு ஓடுபவள் பயந்தவள். வகுப்பின் சாரம் இவ்வளவுதான். திரையில் இருந்த இருபது பெண்களும் தலையாட்டினோம். எங்களில் ஒருத்தி நாய்களுக்கு முடிவெட்டுபவள். ஒருத்தி வீடு விற்கும் தரகர். இன்னொருத்தி நான்.

அவர்கள் எதற்காகச் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என் மகள் அஞ்சலியை நான் பெற்றது ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில். வலியில் கத்தியதற்கு அங்கிருந்த ஒரு பணிப்பெண், “புருசன்கிட்ட போறப்ப இந்தச் சத்தம் எங்க போச்சு?” என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பதினைந்து வருடமாக அந்தச் சிரிப்பை நான் சுமந்துகொண்டிருந்தேன். என் தங்கைக்கு அது நடக்கக்கூடாது என்று நினைத்தேன். நினைத்ததில் பிழையில்லை. அந்த நினைப்புக்கு மேல் தாமரைப்பூச் சான்றிதழை வைத்து, எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினேனே, அதுதான் பிழை.

3

ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. மெல்பேர்னில் மதியச் சாப்பாட்டு நேரம், இரத்தோட்டையில் காலை ஏழரை. ரேணுகா வீடியோவில் வந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது, தலைப்பிரசவம். அவள் கணவன் சிவா விடியும் முன்பே போஞ்சிக்காய் மூட்டைகளோடு தம்புள்ளைச் சந்தைக்குப் போயிருந்தான். வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

“அக்கா, தண்ணி ஒடஞ்சிருச்சு போல. பாயெல்லாம் நனைஞ்சிருச்சு. தண்ணி ஒடஞ்சா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி கிளினிக்ல மிஸ் சொன்னாங்க. பக்கத்து வீட்டு ஆட்டோவக் கூப்பிடவா?”

இந்த இடத்தில் நான் “கூப்பிடு” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

“பதறாத. இப்பவே போனா அவங்க ஒன்னயப் படுக்க வச்சு, சேலைன் ஏத்தி, வயித்தக் கிழிச்சிருவாங்க. எனக்குத் தெரியாதா? நான் இதுக்குத்தான் படிச்சிருக்கேன். எவ்வளவு தெறந்திருக்குன்னு மொதல்ல பாப்போம்.”

“என்னது தெறந்திருக்கு?”

இங்கேதான் என் தமிழ் காலை வாரியது. அந்த உறுப்புக்கு நான் படித்த ஆங்கிலச் சொல் மட்டுமே வாயில் இருந்தது. அதன் அடிப்பொருள் கழுத்து என்று வகுப்பில் சொன்னதை வைத்துக்கொண்டு, “கழுத்து. கழுத்து எவ்வளவு தெறந்திருக்குன்னு பாக்கணும்” என்றேன். ரேணுகா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். “கழுத்துல ஒண்ணும் இல்லையேக்கா” என்றாள். நான் சிரித்தேன். வலியோடு இருந்த அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஆட்டோ பேச்சு மறந்துபோயிற்று.

பிறகு விளக்கினேன். கையைக் கழுவச் சொன்னேன். எத்தனை விரல், எப்படி, என்னத்தை உணரவேண்டும் என்று வகுப்பில் கேட்டதை அப்படியே ஒப்புவித்தேன். பழங்கள் உதவாது என்பதால் என் சமையலறையில் இருந்த மூடிகளைக் கமராவுக்குக் காட்டினேன். இது மருந்துப் போத்தல் மூடி, இது எண்ணெய்ப் போத்தல் மூடி, இது ஜேம் போத்தல் மூடி. ஜேம் மூடி அளவுக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றேன். இதை எழுதும்போது என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ரேணுகா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். திரை இருண்டது. ஒரு நிமிடம் கழித்து எடுத்து, “ரெண்டு இருக்கும்க்கா” என்றாள்.

ஒன்பதரைக்கு மறுபடி பார்க்கச் சொன்னேன். “மூணு.” பதினொன்றுக்குக் கேட்டேன். “மூணரை.” அந்த அரை எனக்குப் பெருமகிழ்ச்சியைத் தந்தது. என் தங்கை எவ்வளவு நுட்பமாக உணர்கிறாள் என்று, எங்களோடு படித்த பெண்களின் குழுவில் ஒரு செய்தி போட்டேன். ‘இலங்கையின் மலைப்பகுதியில் இருக்கும் என் தங்கை வீட்டிலேயே வலியை எதிர்கொள்கிறாள். மூன்றரை சென்டிமீட்டர்.’ இதயங்கள் வந்து குவிந்தன. நாய்க்கு முடிவெட்டுபவள், ‘நீ பிறவியிலேயே இதற்கானவள்’ என்று எழுதினாள். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன்.

அஞ்சலி அதே மேசையின் மறுமுனையில் காதில் செருகிய கருவிகளோடு பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதில் என்னோடு வந்தவள். தமிழ் பாதி புரியும், பேசமாட்டாள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சில நாட்கள் பதிலே வராது. அன்றைக்கு ஒரு பக்கத்துக் கருவியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அம்மா, நீங்க இதெல்லாம் செய்யலாமா?”

“எதை?”

“இதை. வேலையிடத்தில ஒரு பனடோல் குடுக்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அது அங்க. இது என் தங்கச்சி.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, வெறும் இளப்பம். கருவியை மறுபடி செருகிக்கொண்டாள். என்னிடம் அவள் கேட்ட கேள்விகளிலேயே புத்திசாலித்தனமானது அதுதான். நானோ, இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று மனதுக்குள் முணுமுணுத்தேன்.

சித்தியைப் பார்த்து வளரவேண்டியவள் இங்கே இப்படி ஆகிவிட்டாளே என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன். சித்தி அங்கே என்னால் என்ன பாடுபடுகிறாள் என்பது கண்ணில் படவில்லை.

இரத்தோட்டையில் மதியம் ஆனது. ரேணுகாவின் முகம் வெளிறியிருந்தது. பேச்சு குறைந்துவிட்டது. “அக்கா, போயிரவா?” என்று ஒரு தடவை கேட்டாள்.

“எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லு, பிறகு பேசலாம்.”

திரை இருண்டது. வெளிச்சம் வந்தது. “நாலு.”

“இன்னும் ரெண்டுதான். தைரியமா இரு. ஒன் ஒடம்புக்குத் தெரியும்.”

4

இரண்டு மணி தாண்டி சிவா தம்புள்ளையிலிருந்து திரும்பினான். உள்ளே வந்து அவளைப் பார்த்தவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. வேறு போனில் யாருடனோ சிங்களத்தில் வேகமாகப் பேசினான். கால் மணி நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். கிளினிக்கில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல மாது குசுமா மிஸ். வெள்ளைச் சீருடை, கையில் ஒரு பை, வியர்த்த முகம். சிங்களப் பெண். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து செய்து தமிழ் பழகியவர்.

அவர் ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில் தங்கை என்று அழைத்து, முதலில் கேட்டது, “நங்கி, தண்ணி எத்தன மணிக்குப் போச்சு?”

“ஏழரைக்கு மிஸ்.”

“தண்ணி என்ன கலர்?”

ரேணுகா மூலையில் இருந்த வாளியைக் காட்டினாள். நனைந்த துணிகளை அதில் ஊறப் போட்டிருந்தாள். மிஸ் ஒரு துணியைத் தூக்கிப் பார்த்தார். பாசி பிடித்தது போல் பச்சை. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அது நான் படித்த ஆறு வாரப் படிப்பில் இல்லை. இருந்திருந்தாலும் என்ன? ஏழு மணி நேரத்தில் தண்ணீரின் நிறத்தை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

“பிள்ள ஆடுதா?”

“காலையில ஆடுச்சு மிஸ். இப்ப...”

அதையும் நான் கேட்கவில்லை.

மிஸ் பையிலிருந்து ஒரு குழலை எடுத்து வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் காட்டாத முகம். நிமிர்ந்து சிவாவிடம் சிங்களத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். அவன் ஆட்டோவைக் கூப்பிட ஓடினான்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “மிஸ், எத்தனை சென்டிமீட்டர்னு நீங்க உள்ள பாக்கலையா?” என்று போனிலிருந்து கேட்டேன்.

அவர் திரும்பினார். கட்டிலில் ஒரு போன் பேசுகிறது என்பதை அப்போதுதான் கவனித்தார். எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

“நீங்க யாரு?”

“அக்கா. ஆஸ்திரேலியாவுல இருந்து.”

“நர்ஸா?”

“இல்ல... நான் ஒரு கோர்ஸ்...”

“தண்ணி ஒடஞ்ச பொறகு வீட்டுல கை போடுறது இல்ல அக்கா. போடப் போட கிருமி உள்ள போகும். அது ஆஸ்பத்திரியில கிளவுஸ் போட்டு, தேவைன்னா மட்டும் பாக்குறது. இப்ப எத்தன சென்டிமீட்டர்னு எனக்கு வேணாம். பிள்ளையோட நெஞ்சு மெதுவா அடிக்குது. அதுதான் எனக்கு வேணும்.”

போனை சிவாவின் கையில் கொடுத்துவிட்டு அவர் ரேணுகாவைத் தூக்கி நிறுத்தினார். சிவா என்னைப் பார்த்து, “அக்கா, வைங்க” என்றான். பத்து வருடமாக என்னிடம் பணிவாகப் பேசிய பையன். வைத்துவிட்டேன்.

5

மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவிலேயே கொண்டுபோனார்கள். மிஸ் அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். போனதும் உள்ளே எடுத்துவிட்டார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. எந்தக் கத்திக்கு நான் பயந்தேனோ அந்தக் கத்திதான் பிள்ளையை வெளியே எடுத்தது. பிள்ளை அழவில்லை. அழவைத்தார்கள். பச்சைத் தண்ணீரை மூச்சோடு இழுத்திருந்ததால் ஒன்பது நாள் பிள்ளைகளுக்கான தனி அறையில் வைத்திருந்தார்கள். பத்தாவது நாள் வீட்டுக்கு விட்டார்கள். இப்போது ஒரு வயது. நடக்கிறாள். கண், காது, நெஞ்சு எல்லாம் சரி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இந்த வரிகளை எழுத எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருக்கிறது. அந்த ஒன்பது நாட்களில் நான் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவரின் தலையில் ஷாம்பூவைப் போட்டுவிட்டுக் கழுவ மறந்து நின்றேன்.

சிவா இரண்டாம் நாள் ஒரு குரல்பதிவு அனுப்பினான். “உள்ள போனப்ப டாக்டர் பாத்தாரு. ஒண்ணரைதான் தெறந்திருந்துச்சாம்க்கா.” அவ்வளவுதான். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒன்றரை. நான்கு என்று நான் நம்பியதும், ஆறுக்குக் காத்திருந்ததும், இதயங்கள் வாங்கியதும் ஒன்றரைக்கு. ரேணுகா விரலால் தவறாகக் கணித்துவிட்டாள், பாவம், அவளுக்கென்ன தெரியும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் தவறை அவள் விரலில்தான் வைத்தேன்.

படிப்பித்த பெண்ணுக்கு நடந்ததை முழுவதும் எழுதினேன். பச்சைத் தண்ணீரைப் பற்றி, பிள்ளையின் அசைவைப் பற்றி ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். மூன்றாவது நாள் பதில் வந்தது. ‘ஒவ்வொரு பிறப்பும் ஒரு பயணம். உன் வலியை மதிக்கிறேன். நாங்கள் மருத்துவ ஆலோசனை வழங்குவதில்லை என்று பதிவுப் படிவத்தில் குறிப்பிட்டுள்ளோம்.’ தேடிப் பார்த்தேன். குறிப்பிட்டுத்தான் இருந்தார்கள். எறும்பு எழுத்தில். கையெழுத்தும் என்னுடையதுதான். அவர்களுடைய தாளிலாவது ஒரு எச்சரிக்கை இருந்தது. தங்கைக்கு நான் அதுகூடக் கொடுக்கவில்லை.

6

பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது இரண்டு வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, ‘வந்த நோக்கம்’ என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினார். நான் அதை வெறுமையாக விட்டிருந்தேன். “சுற்றுலாவா?” என்று சிங்களத்தில் கேட்டார். “தங்கையைப் பார்க்க” என்றேன். சுற்றுலா என்று அவரே எழுதிக்கொண்டார்.

ரேணுகாவோடு கிளினிக்குக்குப் போனேன். பிள்ளையை நிறுக்கும் நாள். குசுமா மிஸ் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “போன்ல வந்த அக்காதானே?” என்றார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் எடையைக் குறித்துக்கொண்டு, “பிள்ள நல்லா ஏறியிருக்கு. உக்காருங்க அக்கா, வெயில்ல வந்திருக்கீங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு சொல் கடுமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவருக்கு என்னை இகழ நேரமில்லை. வெளியே முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் ரேணுகா பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சிவா மிளகுக்கொடி பார்க்க மேலே போயிருந்தான். ஐந்து மாதமாக ஒத்திகை பார்த்திருந்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன்.

“ஒன்னயக் கை போட வச்சது நான்தான். கிருமி போயிருந்தா ரெண்டு பேரும் என்ன ஆயிருப்பீங்க...”

“நான் கையே போடலக்கா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“போனக் கவுத்து வச்சிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். அதெல்லாம் என்னால எப்பிடிக்கா? வெக்கமா இருந்துச்சு. அருவருப்பா இருந்துச்சு. கொஞ்ச நேரம் விட்டு எடுத்து ஒரு நம்பரச் சொன்னேன்.”

“மூணரைன்னு சொன்னியேடி. அரையெல்லாம் சேத்து.”

“மூணுல இருந்து ஒரேயடியா நாலுன்னா நீ நம்பமாட்டேன்னு நெனச்சேன்.”

என் அறிவு, என் சான்றிதழ், குழுவில் போட்ட செய்தி, மேசையில் வரிசையாக வைத்த மூடிகள். அத்தனையும், கவிழ்த்து வைத்த ஒரு போனுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாய்க்கு வந்ததைச் சொன்ன எண்கள். கோபம்தான் முதலில் வந்தது. வெட்கமில்லாமல் அதையும் எழுதுகிறேன்.

“பொய் சொல்லிக்கிட்டு வீட்டுல கெடந்ததுக்குப் பதிலா, போன வச்சிட்டு ஆட்டோவுல ஏறியிருக்கலாமே. ஏன்டி போகல?”

அவள் ஒரு துணியை மடித்து, சரியில்லை என்று பிரித்து, மறுபடி மடித்தாள்.

“நீ போயிப் பதிமூணு வருசம் ஆச்சு. எப்ப எடுத்தாலும், வேலைக்குப் போறேன், பிறகு பேசுறேன், அம்மாகிட்ட குடுன்னுதான் சொல்லுவ. அன்னைக்குக் காலையில இருந்து ரெண்டு மணி வரைக்கும் என்கூடவே இருந்தக்கா. நம்பர் சொன்னா சந்தோசப்பட்ட. ஆஸ்பத்திரிக்குப் போனா போன வாங்கி வச்சிருவாங்க.”

“ஒனக்குப் பயமா இல்லையா?”

“பயந்து செத்தேன்” என்றாள். “அதனாலதான் நீ போன வச்சிரக்கூடாதுன்னு பாத்தேன்.”